அந்த ஒரு சொல் மட்டும் வேண்டாம்

குவான் லாய்-ஹாவின் கஞ்சிக்கடையில் கரண்டி பெரியது. தோ குவா வான் பேட்டையில் அவளுக்கு இருந்த நல்ல பெயருக்கு அந்தக் கரண்டிதான் காரணம் என்று அவள் புருஷன் கின்-ஷிங் நினைத்திருந்தான். ஆனால் நினைத்ததையெல்லாம் வெளியே சொல்கிற ஆள் இல்லை அவன். விடிவதற்கு முன் அண்டாக்களைக் கிண்டி இறக்குவான். அதன்பிறகு மத்தியானம் வரை அவன் வாயிலிருந்து வருவது, "சூடு, சூடு, தள்ளு" என்பது மட்டும்தான். பேச்சு முழுக்க லாய்-ஹாவின் இலாகா.

அவள் கிண்ணத்தின் விளிம்புவரை ஊற்றுவாள். வேர்க்கடலை கேட்டால் பிடியாக அள்ளிப் போடுவாள். தள்ளாதவர்களுக்கு முட்டை ஒன்றைக் கஞ்சிக்கு அடியில் ஒளித்து வைத்து, கேட்டால் தெரியாமல் விழுந்துவிட்டது என்பாள். தெருவில் அவளைத் தாராளக்காரி என்றார்கள். யாரோ பதவி கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டதைப்போல அவளும் அதை ஏற்றுக்கொண்டிருந்தாள். அந்தப் பதவியில் இருந்துகொண்டு மற்றவர்களுக்கும் பட்டம் வழங்கினாள். பழக்கடைக்காரன் மேசை முழுக்க இருப்பவர்களுக்கும் சேர்த்துத் தானே காசு கொடுப்பதாக மார்தட்டிவிட்டு மறுநாள் கைமாற்று கேட்டு வருவான். அவன் பெருந்தலைப் பேய். மருந்துக்கடைக்காரர் கை இறுகினவர். கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த தாம் பாக்-யூ, தோக் சித்தப்பா.

தோக் சித்தப்பா என்பவர் யார், எந்த ஊர், எப்போது வாழ்ந்தார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத எல்லாருக்கும் அந்தப் பெயர்தான் வைப்பார்கள். தாம் அதற்கு முற்றிலும் தகுதியானவர். தினமும் காலையில் வந்து, ஒன்றும் போடாத வெறுங்கஞ்சி ஒரு கிண்ணம் கேட்பார். தொட்டுக்கொள்ள, எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சியை அடுத்த தெருவிலிருந்து கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவருவார். அங்கே விலை குறைவு. லாய்-ஹாவின் கண்ணெதிரிலேயே எடுத்துக் கஞ்சியில் முக்குவார். வெங்காயத்தாள் இலவசம் என்பதால் அதை மட்டும் மூன்று தடவை கேட்பார். "தோக் சித்தப்பா, இன்னும் கொஞ்சம் தாள் போடட்டுமா, இல்ல ஒரு வயலையே எழுதி வச்சிரட்டுமா?" என்று லாய்-ஹா கேட்டால், "வயலுக்கு வரி கட்டணும், தாளே போதும்" என்பார். கடை சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

அவர் மனைவி யுக்-சான் இருந்தவரை இருவருமாக வந்து ஒரே கிண்ணம், இரண்டு ஸ்பூன் என்று சாப்பிட்டார்கள். அந்த வருஷம் வசந்தத்தில் யுக்-சான் இறந்துபோனாள். அதற்குப் பிறகு தாம் தனியாக வந்து முழுக் கிண்ணத்தையும் தானே சாப்பிட்டார். "சித்தப்பாவுக்குப் பசி ரெண்டு மடங்காயிருச்சு" என்று லாய்-ஹா ஒருநாள் கல்லாவிலிருந்தே சொன்னாள். அதற்கும் கடை சிரித்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் கட்டடத்துச் சொந்தக்காரர்களின் கூட்டம். தலைவர் ஆவ், தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதி, முத்திரை குத்தினால்தான் நடந்ததாக ஒத்துக்கொள்வார். அன்றைய விஷயம் படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பி போடுவது. ஐந்தாவது மாடி பூன் அம்மாளுக்கு முழங்கால் பிசகிவிட்டது. போன மாதம் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் வழுக்கி உட்கார்ந்தவள், ஆள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். தாம் மட்டும் எழுந்து நின்றார்.

"நான் இருக்கறது ரெண்டாவது மாடி. ரெண்டாவது மாடி வரைக்கும் கம்பிக்கு என் பங்கைத் தந்துடறேன். அதுக்கு மேல கம்பி போனா எனக்கு அதுல என்ன பிரயோஜனம்னு ஆவ் சார் சொல்லணும்."

"இப்ப மொட்டைமாடி வரைக்கும் ஏறி வந்திருக்கீங்களே?" என்றார் ஆவ்.

"நீங்க இங்க கூட்டம் போட்டதால வந்தேன். கீழ போட்டிருந்தா வந்திருக்கமாட்டேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். பூன் அம்மாள் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துவிட்டு, "அவர் சொல்றதும் சரிதானே. ரெண்டாவது மாடி வரைக்கும் போடுங்கப்பா. அதுக்கு மேல நான் உக்காந்து உக்காந்து ஏறிக்கறேன்" என்றாள்.

இதைக் கேட்டதும் லாய்-ஹாவுக்குத் தலைக்கேறிவிட்டது.

"நான் தரைத்தளம்!" என்று எழுந்தாள். "கூட்டத்துக்கு ஏறினதைத் தவிர இந்தப் படியை மிதிச்சே எனக்கு வருஷக்கணக்காச்சு! நான் முழுப் பங்கு தர்றேன்னு சொல்லலையா? எனக்கு இதுல என்னய்யா பிரயோஜனம்?"

அப்போது விமானம் வந்தது. அந்தப் பக்கத்தில் விமானங்கள் துணி காயப்போடும் மூங்கிலை உரசுவதுபோலத் தாழ்வாக வந்து இறங்கும். வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்தி, போனதும் நிறுத்திய எழுத்திலிருந்து தொடங்குவது அங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த மரியாதை. கோபத்தில் லாய்-ஹா அந்த மரியாதையை மறந்தாள். சத்தத்துக்கு மேல் சத்தமாகக் கத்திக்கொண்டே இருந்தாள். வாய் அசைவது மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. திடீரென்று விமானம் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்தது. அமைதியான மொட்டைமாடியில் அவள் குரல் தனியாக மாட்டிக்கொண்டது.

"கு-ஹோன்! உன்ன மாதிரி ஒரு கு-ஹோனை என் ஆயுசுக்கும் பார்த்ததில்ல!"

எதிர்க் கட்டடத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கு-ஹோன் என்றால் கஞ்சன். தாமைக் கஞ்சன் என்பது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. வழக்கம்போல அவர் ஏதாவது திருப்பிச் சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. பிறகு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தன் மடக்கு ஸ்டூலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் கஞ்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடையைத் தாண்டிப் போனதை லாய்-ஹா பார்த்தாள். "கம்பிக்கு வசூல் பண்ணிருவோம்னு பயந்து பதுங்கறான்" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொன்னாள். ஆனாலும் மூலையில் இருந்த அவர் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

வாரக் கடைசியில் ஆவ் கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தொப்பியைக் கழற்றினால் அலுவலக விஷயம் என்று அர்த்தம்.

"முதலாளியம்மா, தாம் என்கிட்ட வந்தார். நீங்க சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்கணுமாம். அதே இடத்துல, அதே ஆளுங்க முன்னாடி."

"எந்த வார்த்தை? நான் நிறையச் சொன்னேனே."

"கடைசி வார்த்தை. மத்ததெல்லாம் விமானத்துல போயிருச்சு."

"கஞ்சனைக் கஞ்சன்னு சொன்னது குத்தமா?" லாய்-ஹா கரண்டியை அண்டா விளிம்பில் தட்டினாள். "வாபஸ் வாங்கி என்னன்னு சொல்லச் சொல்றீங்க? தாராளமானவர்னா? இந்த வயசுல நான் பொய் சொல்லமாட்டேன், ஆவ் சார். நாக்கு அழுகிரும்."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது கின்-ஷிங்கின் குரல்தான் என்பது புரிய இருவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ அன்னிக்கு மெலிசா நடந்துக்கிட்ட."

ஈரமில்லாமல் நடந்துகொள்பவரை அங்கே மெலிசு என்பார்கள். பெருந்தன்மையாக நடப்பவர் தடிமன். லாய்-ஹா திரும்பினாள்.

"யாரு மெலிசு? நானா? இந்தக் கடையில ஒரு கிண்ணம், ஒரே ஒரு கிண்ணம், மெலிசா போயிருக்கா இதுவரைக்கும்?"

"கஞ்சியைச் சொல்லல" என்றான் கின்-ஷிங். "சூடு, தள்ளு" என்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அந்த மாதம் முழுவதற்கும் உண்டான பேச்சை அவன் பேசி முடித்துவிட்டான்.

லாய்-ஹா கொஞ்ச நேரம் வெங்காயத்தாளை நறுக்கினாள். வேண்டியதற்கு மேலாகவே நறுக்கினாள். ஆவ் தன் சமாதான யோசனையை எடுத்து வைத்தார். "சிக்கனக்காரர்னு சொல்லிருங்களேன். பொய்யும் இல்ல, திட்டும் இல்ல."

"சிக்கனம் வேற. எங்கம்மா சிக்கனக்காரி. சிக்கனக்காரங்க தன் வயித்தைக் கட்டுவாங்க. இவன் அடுத்தவன் வெங்காயத்தாளைத் தின்னுல்ல வயித்தை வளக்கறான்?"

"சரி, கணக்கா இருக்கறவர்?"

"கணக்கா இருக்கறவன் ரெண்டு பக்கமும் கணக்குப் பாப்பான்."

இப்படியே ஒரு கிண்ணம் கஞ்சி ஆறும்வரை பேசினார்கள். கடைசியில், புருஷன் சொன்ன சொல் உள்ளே கிடந்து உறுத்தியதால், லாய்-ஹா பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவந்தாள். "சரி, தொலையட்டும். சிக்கனக்காரர்னே சொல்றேன். அம்மா ஆவி என்னை மன்னிக்கட்டும்."

ஆவ் சந்தோஷமாகப் படியேறிப் போனார். சீக்கிரத்திலேயே இறங்கி வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"வேணாங்கறார்."

"என்னது?"

"சிக்கனம்னு சொல்ல வேணாமாம். புகழச் சொல்லிக் கேக்கலையாம். அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டாப் போதுமாம். அதுக்குப் பதிலா வேற எதை வேணும்னாலும் சொல்லிக்கலாமாம்."

"எதை வேணும்னாலுமா?"

"அப்படித்தான் சொன்னார். நான் தபால் இலாகாவுல எத்தனையோ புகாரைப் பார்த்திருக்கேன் முதலாளியம்மா. இந்த மாதிரி ஒண்ணு வந்ததில்ல."

லாய்-ஹா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "நானே போய்க் கேக்கறேன்" என்றாள்.

கூட்டத்துக்கு அல்லாமல் அவள் அந்தப் படிக்கட்டில் தனியாக ஏறி வெகுகாலம் ஆகியிருந்தது. இருட்டு, பிடிக்க ஒன்றுமில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்து ஏறினாள். சுவர் பனிக்கட்டிபோல இருந்தது. இரண்டாவது மாடிக்கு வரும்போதே மூச்சு வாங்கியது. பூன் அம்மாளை நினைத்துக்கொண்டாள். அந்தக் கோபத்தையும் கதவைத் தட்டுவதிலேயே காட்டினாள்.

"யாரு?"

"கஞ்சிக்கடை."

"நான் ஒண்ணும் கொண்டுவரச் சொல்லலையே."

"காசு கேக்க வரல. கதவைத் திறங்க, தாம் அண்ணே."

அண்ணே என்று அவள் அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. அதிலேயே சந்தேகப்பட்டவரைப்போல அவர் கதவை மெதுவாகத் திறந்தார். உள்ளே படிக்கட்டைவிடக் குளிராக இருந்தது. தாம் கோட்டைக் கழற்றாமலே இருந்தார். கோட்டுக்கு அடியிலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டையின் ஓரம் எட்டிப் பார்த்தது. அது பெண்கள் போடுகிற சட்டை. லாய்-ஹா அதை எத்தனையோ காலைகளில் தன் கடையில் யுக்-சான் மேல் பார்த்திருக்கிறாள். அலமாரிமேல் யுக்-சானின் படம். படத்துக்கு முன்னால் மூன்று ஆரஞ்சு, வாடாமல் பளபளவென்று. லாய்-ஹாவின் கண் அங்கே போனதைத் தாம் பார்த்தார்.

"நாளைக்கு நானே சாப்பிட்டுருவேன்" என்றார். "வீணாகாது."

பிளாஸ்கைத் திறந்து ஒரு தம்ளரில் பாதிவரை வெந்நீர் ஊற்றி அவளிடம் கொடுத்தார். தேயிலை போடவில்லை. லாய்-ஹா உட்கார்ந்தாள்.

"சிக்கனம்னு சொல்றதுக்கு ஒத்துக்கறதுக்குள்ள என் நாக்கு என்ன பாடுபட்டுச்சு தெரியுமா? அதை எதுக்கு வேணாம்னீங்க?"

"பொய்யா ஒரு வார்த்தை எனக்கெதுக்கு?" என்றார் தாம். "நான் கஞ்சன்னு எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துலயே 'எலும்பைச் சுருக்கறவன்'னாங்க. செலவு வர்ற இடத்துல நான் உடம்பைச் சுருட்டிக்கிட்டு சந்துக்குள்ள நுழைஞ்சிருவேனாம். ஃபேக்டரியில தோக் சித்தப்பா. என் நிஜப் பேர் மேனேஜருக்கே தெரியாது. எங்க கல்யாண விருந்துல யுக்-சான் ஒவ்வொரு மேசைக்கா போயி, 'எட்டுக் கறி வைக்கச் சொன்னேன், ஆறுதான் வச்சிருக்கான், எலும்பைச் சுருக்கிட்டான்'னு சொல்லிச் சிரிச்சா. கல்யாணப் பொண்ணு! நானும் சிரிச்சேன். கோவமே வரல. ரெண்டு கறி மிச்சமாச்சே."

"பின்ன இந்த ஒண்ணுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

தாம் பிளாஸ்கின் மூடியைத் திருகினார். இறுகிய பிறகும் திருகிக்கொண்டிருந்தார்.

"நீங்க கத்தினது எதுவும் கேக்கல. விமானம் போச்சு. சட்டுனு அமைதியாயிருச்சு. அந்த வார்த்தை மட்டும் வந்துச்சு. அது எப்பவும் ஒரே வார்த்தையாத்தான் காதுல விழும். நானே எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கேன். அன்னிக்கு ரெண்டா விழுந்துச்சு."

"ரெண்டான்னா?"

"கு" என்றார் தாம். "தனியா." கொஞ்சம் பொறுத்து, "ஹோன். குளிரு" என்றார்.

லாய்-ஹா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க, முதலாளியம்மா. பையன் கனடாவுல இருக்கான். காலையில எந்திரிச்சா இந்த வீட்டுல என்ன இருக்கோ அதைத்தான் சொன்னீங்க. அவ்வளவு பேரு சிரிச்சாங்க. கஞ்சன்னு சொன்னதுக்குத்தான் சிரிச்சாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் தாங்க முடியல."

லாய்-ஹா அந்தச் சொல்லை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். வீட்டு வாடகைக்காரனை, நாத்தனாரை, மீன் விற்கிறவனை, ஒருமுறை கோயில் பூசாரியைக்கூட. ஒருநாளும் அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. தினம் தேய்க்கிற அண்டாவின் அடியில் ஓட்டை இருப்பது திடீரென்று கண்ணில் பட்டதுபோல அவளுக்கு இருந்தது. பசி இரண்டு மடங்காகிவிட்டது என்று தான் சொன்னதும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் சிரித்தாரா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. கடை சிரித்தது தெரிந்தது. அவரைத் திரும்பிப் பார்த்த ஞாபகம் இல்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. அந்தத் தெருவில் யாருக்கும் வராது. தம்ளரிலிருந்த வெந்நீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"அப்ப எலும்பைச் சுருக்கறவர்னா பரவாயில்ல?"

"தாராளமா."

"கை இறுகினவர்?"

"அதுவும் சொல்லுங்க. உண்மைதானே."

"தேயிலை போடாம வெந்நீரைக் கொடுத்த முதல் மனுசன் நீங்கதான்யா."

தாமின் முகம் மலர்ந்தது. "இந்த நேரத்துல தேயிலை போட்டுக் குடிச்சா உங்களுக்குத் தூக்கம் வராது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மறுபடி கூடியது. ஆவ் எழுந்து, "முதல் விஷயம், ஒரு சொல்லைத் திரும்பப் பெறுதல்" என்று வாசித்தார். லாய்-ஹா எழுந்து நின்றாள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தாம் தன் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"போன கூட்டத்துல தாம் அண்ணனை நான் ஒரு வார்த்தை சொன்னேன்" என்று தொடங்கினாள். "அதைத் திரும்ப எடுத்துக்கறேன். அது தப்பு. தாம் அண்ணன் அது இல்ல. தாம் அண்ணன் ஒரு..."

விமானம் வந்தது. இந்தத் தடவை லாய்-ஹா மரியாதையை மறக்கவில்லை. வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள். தாம் அண்ணன் ஒரு என்ன என்று தெரியாமல் மொட்டைமாடி முழுக்கக் காத்திருந்தது. பூன் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் லாய்-ஹாமேல் வைத்திருந்தாள். விமானம் போனது.

"...எலும்பைச் சுருக்கறவர்" என்று முடித்தாள் லாய்-ஹா. "தோக் சித்தப்பாவுக்கே சித்தப்பா. கை இறுகினவர். எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டார். சோயா சாஸ் பாட்டிலைக் கழுவி, அந்தத் தண்ணியில இன்னொரு வேளை சமைப்பார். என் கடையில மூணு தடவை வெங்காயத்தாள் கேப்பார். இதெல்லாம் நான் கண்ணால பார்த்தது. இதுல ஒண்ணையும் வாபஸ் வாங்கமாட்டேன். ஆனா போன தடவை சொன்னேன் பாருங்க, அது மட்டும் அவர் இல்ல." எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "இந்தக் கட்டடத்துல யாரும் அது இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. எப்போது சிரிப்பது என்று யாருக்கும் புரியவில்லை. தாம் எழுந்தார், தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"முதலாளியம்மா நியாயமாப் பேசினாங்க. ஏத்துக்கறேன்."

ஆவ் பேனாவை வைத்துக்கொண்டு தவித்தார். "இதுல எதைப் பதியறது? 'எலும்பைச் சுருக்கறவர்'னா?"

"பதியுங்க" என்றார் தாம். "எழுத்துப் பிழை இல்லாம."

அடுத்தது கம்பி விஷயம். தாம் மறுபடி எழுந்து, இரண்டாவது மாடிக்கு மேல் போகிற கம்பியில் தனக்கு என்ன பிரயோஜனம் என்று ஆவ் இன்னும் சொல்லவில்லை என்றார். கை தூக்கச் சொன்னபோது அவருடைய கை தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. தோற்றதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தன் பங்கைத் தவணையில் கட்டுவதாகச் சொன்னார். கேட்காமலே தவணையை மூன்றிலிருந்து ஐந்தாக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் கஞ்சிக்கு வந்தார். மூலை இடத்தில் பூன் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கீழே இறங்கிவர அவளுக்கு ஒரு காரணம் வேண்டும் என்று லாய்-ஹாதான் கின்-ஷிங்கை அனுப்பிக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்கார வைத்திருந்தாள். "இடமில்ல, அண்ணே. எதிர்ல உக்காருங்க" என்றாள். கடையில் பாதி மேசைகள் காலியாக இருந்தன. தாம் அதைப் பார்த்தார். பிறகு எதிரில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் வேர்க்கடலைத் தட்டு யார் பக்கம் இருக்கவேண்டும் என்பதில் தகராறு வந்தது. அந்தத் தகராறு அன்றோடு முடியவில்லை. தினமும் காலையில், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

குளிர்காலப் பண்டிகை நாள் வந்தது. வருஷத்திலேயே நீளமான இரவு. அன்று குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. கடைகள் சீக்கிரமே மூடிவிடும். லாய்-ஹாவும் மத்தியானமே கதவை இழுத்தாள். பிறகு ஒரு முழுக் கோழியை வெட்டி, காய்ந்த காளானும் இஞ்சியும் போட்டுக் கஞ்சி வைத்தாள். கின்-ஷிங் பானையைத் தூக்கிக்கொண்டான்.

"மிஞ்சிருச்சுன்னு சொல்லு" என்றாள் படியேறும்போது. "இல்லன்னா காசு கேப்போம்னு பயந்து கதவையே திறக்கமாட்டார்."

கின்-ஷிங் கதவைத் தட்டி, "மிஞ்சிருச்சு" என்றான். கதவு உடனே திறந்தது.

தாம் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு கோழியா மிஞ்சும்?"

"இன்னிக்கு வியாபாரம் இல்ல" என்றாள் லாய்-ஹா. "நகருங்க, பூன் அம்மா பின்னால வர்றாங்க. அவங்களால நின்னுக்கிட்டு இருக்க முடியாது."

நான்கு பேருக்கு நாற்காலி இல்லை. கின்-ஷிங் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். தாம் யுக்-சான் படத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணம் கஞ்சி வைத்தார். அதையும் பிறகு தான்தான் சாப்பிடப்போவதாக யாரும் கேட்காமலே அறிவித்தார். பூன் அம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அம்மாடி, இது வீடா, ஐஸ் பெட்டியா?" என்றாள்.

தாம் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மின்சார ஹீட்டரை இழுத்தார். கடையில் வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. பையன் போன வருஷம் வாங்கிக் கொடுத்ததாம். உறையைக் கிழிக்காமல், ஒட்டிய இடமாகப் பார்த்து உரித்து, மடித்து வைத்துக்கொண்டார். பிறகு சுவிட்சைப் போட்டார். இரண்டு கம்பிகளும் மெல்லச் சிவந்தன.

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

"ஒரு ஆளுக்குப் போட்டா நஷ்டம்" என்றார் தாம். "நாலு பேருக்குன்னா கட்டுப்படியாகும்."

கோழிக் கஞ்சி முழுக்கக் காலியானது. பூன் அம்மாள் கழுத்தெலும்பு தன்னுடையது என்று சொல்ல, தாம் அது பொது என்றார். லாய்-ஹா தீர்ப்புச் சொன்னாள். இருவருமே ஏற்கவில்லை. கின்-ஷிங் கட்டிலில் சாய்ந்து தூங்கிப்போனான். நேரமாகிறது என்று பூன் அம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். லாய்-ஹா அவளுக்குக் கை கொடுத்தாள். அவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே தாம் குனிந்து, ஆள் குறைகிறது என்று ஒரு கம்பியை அணைத்தார்.